நாற்பதாவது சாட்டு

ஜுமைரா, டுபாய்
09.06.2024

அன்புள்ள தம்பி கிருபனுக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. படி ஏறும்போது முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது. நீ ஜெபல் அலி வெக்கையில் எப்படி இருக்கிறாய்? இருமல் விட்டுவிட்டதா?

ஒரே ஊருக்குள் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. எனக்கு முன் இந்த வீட்டில் நின்ற நேர்ஸ் ஒருத்தி, நான் பார்த்துக்கொள்ளும் அம்மாவின் கோணிய வாயைப் படம் எடுத்து லண்டன் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டாளாம். அன்றிலிருந்து வேலைக்காரர்களின் போன் எல்லாம் ஒரு பெட்டிக்குள். ஞாயிறு பின்னேரம் ஒரு மணித்தியாலம் கையில் தருவார்கள். அந்த ஒரு மணித்தியாலம் ஊருக்கு, அச்சுவேலிக்கு, என் மகள் கஜானிக்கு. அதனால் உனக்குக் கடிதம்தான். டிரைவர் ஜெய்னுலாப்தீன் பாயின் மச்சான் உன் கேம்பில் இருப்பது நல்லதாகப் போயிற்று.

அந்த அம்மாவின் பெயர் நோரா பிளிம்லி. எண்பத்துமூன்று வயது. ஐம்பது வருடத்துக்கு முன் இங்கிலாந்து டிவியில் பெரிய நகைச்சுவை நடிகை. பக்கவாதம் வந்தபிறகு மகன் கிளைவ் இங்கே கூட்டிவந்துவிட்டார். பழைய நாடகங்களைத் தினமும் போட்டுப் பார்க்கிறோம். ஒரு பெரிய வீட்டு வேலைக்காரியாக வருகிறார். பெயர் டில்லி. தட்டை ஏந்திக்கொண்டு கதவில் இடித்துக்கொள்வார், பூச்சாடியில் தேநீர் ஊற்றுவார். ஒவ்வொரு நாடகத்தின் முடிவிலும் எசமானிடம் போய், "துரை, என் அரைநாள்?" என்று லீவு கேட்பார். துரை ஏதாவது பொய்க் காரணம், ஒரு சாட்டு, சொல்லி மறுப்பார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆறு வருடம், ஐம்பத்திரண்டு நாடகம்.

நான் இரண்டு வருடம் முடிந்த ஏப்ரலில் கிளைவ் சேரிடம் லீவு கேட்டேன். "வெயில் குறையட்டும்" என்றார். கஜானிக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது. போனை வாங்கி "ம்" என்கிறாள், பிறகு எங்கள் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்பு அக்கா,
வதனா

*

ஜெபல் அலி
20.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. உன் முழங்காலுக்குக் கீழ் ஒரு தலையணை வைத்துப் படு. பன்னிரண்டு மணி வெயிலில் வெளிவேலை செய்யக்கூடாதென்று இப்போது சட்டம். எங்களுடையது கிடங்கு, கூரைக்குக் கீழ் வேலையாம், அதனால் எங்களுக்கு அது இல்லை. தகரக் கூரை, அக்கா. முட்டை வைத்தால் பொரியும்.

உன் கடிதத்தை அறையில் வாசித்தேன். ஒரு வேலைக்காரி லீவு கேட்கிறாள், கிடைக்கவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? யார் அந்தச் சனம்? ஆறு வருடமாக ஒருத்தனுக்காவது தொண்டை அடைக்கவில்லையா? நீயும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறாயா?

வெயில் குறையட்டும் என்றானாம். விமானம் என்ன வெயிலில் உருகிவிடுமா? உன் பாஸ்போட் எங்கே? அதை முதலில் சொல். பாஸ்போட்டை வாங்கி வைத்திருப்பது இந்த நாட்டுச் சட்டப்படி பிழை. தொழில் அமைச்சுக்கு முறைப்பாடு கொடுக்கலாம். உனக்குப் பயமென்றால் நான் எழுதித் தருகிறேன்.

உன் தம்பி,
கிருபன்

*

ஜுமைரா
14.07.2024

அன்புள்ள தம்பிக்கு,

தலையணை வைத்தேன், சுகம். நீ தண்ணீர் குடி. சோடா தண்ணீர் இல்லை.

பாஸ்போட் கிளைவ் சேரின் எழுதுமேசை லாச்சியில் இருக்கிறது. அவர் பறிக்கவில்லை. வந்த முதல் நாளே நானாகத்தான் இரண்டு கையாலும் கொடுத்தேன். ஊரில் காணி உறுதி, நகை எல்லாவற்றையும் பெரியவர்களிடம் கொடுத்து வைப்பது போல. நம்பிக்கையைக் காட்டினால் நல்லாய் நடத்துவார்கள் என்று நினைத்தேன். நீ இப்போது பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்கிறது.

உன்னுடையது உன் கையில்தானே இருக்கிறது?

நீ கேட்டதை நோரா அம்மாவிடம் கேட்டேன். "உங்கட நாடகத்துக்குச் சிரிச்ச ஆக்கள் ஆர்?" அவர் சிரிப்பை நிறுத்தி, டிவியையும் நிறுத்தினார். வாய் இழுத்து இழுத்துச் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"என்ர அம்மா பதினாலு வயசில ஒரு பெரிய வீட்டுக்கு வேலைக்குப் போனவா. புதன்கிழமை அரைநாள் லீவு. அதுவும் பல கிழமை கிடைக்காது. டில்லி நடக்கிற நடை, கை துடைக்கிற விதம், எல்லாம் அம்மாட்ட களவெடுத்தது. முதலாம் நாடகத்துக்கு அம்மாவை ஸ்டூடியோவில முன்வரிசையில இருத்தினன். முந்நூறு பேர் சிரிச்சவை. அம்மா கையை மடியில வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டே இருந்தவா. அந்தச் சிரிப்பை இப்பவும் போட்டுக் கேக்கிறன், வதனா. அதில ஒராள் குறையுது. எனக்கு மட்டும் கேக்கும்."

அதன்பிறகு எனக்கும் அந்த இடத்தில் சிரிப்பு வருவதில்லை. ஆனால் பூச்சாடியில் தேநீர் ஊற்றும்போது வருகிறது. அதற்கு என்னைத் திட்டாதே.

இப்போது எங்களுக்குப் புது வேலை. வாய் திருந்த, சத்தமாக வாசிக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னார். அவர் பழைய வசனப் புத்தகங்களை எடுத்துவிட்டார். அவர் டில்லி, நான் துரை. தினமும் பின்னேரம் ஒரு வேலைக்காரி கதிரையில் சாய்ந்திருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்கு லீவு மறுக்கிறாள்! சாட்டுகளுக்கு நம்பர் இருக்கிறது. ஒன்று: நாய்க்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது. பதினேழு: நீ போனால் மணிக்கூடுகளுக்கு யார் சாவி கொடுப்பது? முப்பத்தொன்று: அடுத்த மாதம் பார்ப்போம். எல்லாம் எனக்குப் பாடம்.

அன்பு அக்கா,
வதனா

*

ஜெபல் அலி
02.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். தண்ணீர் குடிக்கிறேன், போதும். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போவேன்.

இரண்டு கையாலும் கொடுத்தாயா? தாம்பாளம் கிடைக்கவில்லையா, வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்க? பாஸ்போட் என்பது நீ வீட்டுக்குப் போகும் கதவு, அக்கா. கதவைக் கழற்றி அடுத்தவன் லாச்சிக்குள் வைத்துவிட்டு நம்பிக்கை என்கிறாய். உடனே திருப்பிக் கேள். பணிந்து கேட்காதே, நிமிர்ந்து நின்று கேள்.

உன் சாட்டு நம்பர்கள் இங்கே பிரபலமாகிவிட்டன. என் மேல்கட்டில் சோலைமுத்து அண்ணன், பரமக்குடிப் பக்கம். நேற்று சூப்பர்வைசர் "அடுத்த மாசம் பாப்போம்" என்று சொல்ல, "தம்பி, முப்பத்தொண்ணு வந்துருச்சுடா" என்று என் காதுக்குள் சொன்னார். நான் பெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன்.

அவர் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். ஐம்பத்திரண்டாவது நாடகத்திலாவது அந்தப் பொம்பிளைக்கு லீவு கிடைத்ததா?

தம்பி,
கிருபன்

*

ஜுமைரா
08.09.2024

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் பரவாயில்லை. நீ கொஞ்சம் மெலிந்துவிட்டாய் என்று பாய் சொன்னார். கருவாட்டுப் பொரியல் அனுப்புகிறேன், அறையில் எல்லோருக்கும் கொடு.

சோலைமுத்து அண்ணனுக்குச் சொல்: இல்லை. ஐம்பத்திமூன்றாவதில் கொடுக்க இருந்தார்களாம். அதற்கிடையில் நாடகத்தை நிறுத்திவிட்டார்கள். டில்லி இன்னும் தட்டோடு நிற்கிறாள்.

நோரா அம்மாவும் அப்படித்தான் நின்றிருக்கிறார். அதன்பிறகு வந்ததெல்லாம் தட்டுத் தூக்கும் பாத்திரங்கள். தரை மினுக்கும் மெழுகு விளம்பரம், கடைத் திறப்புவிழா, கிறிஸ்மஸ் காலத்தில் பிள்ளைகளுக்கான மேடைக்கூத்து. ஒருமுறை ஒரு மேடை நாடகத்தில் ராணி வேடத்துக்கு மூன்று மாதம் பாடமாக்கிக்கொண்டு போனாராம். இயக்குநர் முதலில் கேட்டது, "ஒருக்கா அந்த அரைநாள் வசனத்தைச் சொல்லுங்கோவன், என்ர மனிசிக்கு விருப்பம்." சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு புருசன்மாரும் கோபம் வந்தால் அந்த வசனத்தைச் சொல்லித்தான் நக்கலடிப்பார்களாம். "நான் செத்தாலும் கல்லில அதைத்தான் வெட்டுவாங்கள்" என்கிறார். சொல்லிவிட்டு அவரே சிரிக்கிறார். பாதி வாய்தான் சிரிக்கும், ஆனால் முழு மனுசி சிரிப்பது தெரியும்.

கிளைவ் சேரிடம் நிமிர்ந்து நின்றுதான் கேட்டேன். "வதனா, நீ வேலைக்காரி இல்லை. நீ எங்கள் குடும்பத்தில் ஒருத்தி. அம்மாவை விட்டுவிட்டுப் போக உனக்கு மனம் வருமா?" என்றார். தம்பி, இது நாற்பதாவது சாட்டு. அப்படியே, சொல்லுக்குச் சொல். நாடகத்தில் சனம் அதற்குத்தான் ஆகக் கூடுதலாகச் சிரித்தது. அவருக்கு அது தெரியவில்லை. தாயின் நாடகத்தை அவர் ஒருநாளும் இருந்து பார்த்ததில்லை.

அவர் கெட்டவர் இல்லை. நான் போனால் தாய் பேச்சை நிறுத்திவிடுவார் என்று பயப்படுகிறார். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் போன ஞாயிறு கஜானி கேட்டாள்: "அம்மா, நீங்கள் வந்தா எந்த அறையில படுப்பீங்கள்?" விருந்தாளியிடம் கேட்பது போலக் கேட்டாள்.

உன்னுடையது உன் கையில்தானே என்று நான் கேட்டதற்கு நீ மறுமொழி எழுதவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போவேன் என்றாய். அது முடிந்து ஒரு கிழமையாகிறது. ஐந்து வருடமாகிறது நீ போய்.

அன்பு அக்கா,
வதனா

*

ஜுமைரா
27.10.2024

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகம்தானே? ஏழு கிழமையாக ஒரு வரி இல்லை. கருவாட்டுப் போத்தல் கழுவித் திரும்பி வந்தது, கடிதம் வரவில்லை. கோபமா, வேலையா? பாயிடம் கேட்டால், "நல்லாத்தான் இருக்காரும்மா" என்று கண்ணாடியைப் பார்த்து வண்டி ஓட்டுகிறார்.

இங்கே ஒரு புதினம். பழைய நகைச்சுவைக்காரர்களைப் பற்றிப் படம் எடுக்கும் லண்டன்காரர்கள் நவம்பர் கடைசியில் வருகிறார்கள். டில்லித் தொப்பியும் கொண்டு வருவார்களாம். கிளைவ் சேர் திரைச்சீலை எல்லாம் மாற்றிவிட்டார். நோரா அம்மா ஒரு நாளைக்கு நாலு தரம் வாசிக்கிறார். ஆனால் டில்லியின் வசனத்தை இல்லை. ஒரே ஒரு சொல்லை வைத்துப் பழகுகிறார். என்ன சொல் என்று உனக்கு இப்போது சொல்லமாட்டேன், நீ எழுதவில்லை.

அக்கா

*

ஜெபல் அலி
10.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் இல்லை. சுகம்தான். கப்பல்கள் ஒன்றாக வந்துவிட்டன, இரண்டு டியூட்டி. கருவாடு ஒரே இரவில் முடிந்தது. ராமநாதபுரத்தான்கள் போத்தலுக்குள் சோற்றைப் போட்டுக் குலுக்கிச் சாப்பிட்டார்கள்.

ஊருக்குத் தை மாதம் பார்க்கலாம் என்று இருக்கிறேன். என் கதையை விடு. உன் பாஸ்போட் என்னாயிற்று? அந்தக் கமராக்காரர்கள் முன்னால் உன்னைப் புதுச் சட்டை போட்டுச் சிரிக்க வைப்பார்கள். சிரிக்காதே.

கிருபன்

*

ஜுமைரா
01.12.2024

அன்புள்ள தம்பிக்கு,

எனக்குச் சுகம். நீ இதை வாசிக்கும்போது கட்டிலில் இரு, நின்றுகொண்டு வாசிக்காதே.

கமரா வைத்தார்கள். இயக்குநர் முப்பது வயதுப் பெண். தொப்பியை நோரா அம்மாவுக்குப் போடப் போனாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். "இண்டைக்கு நான் நடிக்கேல்ல. நான் பார்வையாளர். டில்லி வதனா. துரை என்ர மகன்."

எல்லோருக்கும் புதினமாக இருந்தது. கிளைவ் சேருக்கு நல்ல சந்தோசம், கதிரையில் போய்க் கால்மேல் கால் போட்டு இருந்தார். என் கையில் தட்டைத் தந்தார்கள். தொப்பியை நான் வாங்கவில்லை. உன்னை நினைத்துத்தான் வாங்கவில்லை.

போய் நின்றேன். ஆங்கிலத்தில் பாடமாக்கிய வசனம் வரவில்லை. தமிழில்தான் வந்தது. "துரை, என்ர அரைநாள்?" சிரித்தார்கள். ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன்.

கிளைவ் சேர் கமராவைப் பார்த்து, கைகளை விரித்து, "உனக்கு எதற்கு லீவு, வதனா? நீ எங்கள் குடும்பம்" என்றார். கமராக்காரன், விளக்குக்காரன், எல்லோரும் சிரித்தார்கள். அவர் நடிக்கவில்லை, தம்பி. அது அவருக்கு இயல்பாக வந்தது.

நான் நோரா அம்மாவைப் பார்த்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. மற்றவர்களின் சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கும்வரை பொறுத்திருந்தார். கடைசி ஆளும் அடங்கியபிறகு, கோணாத வாய் போலத் தெளிவாகச் சொன்னார்: "நாற்பது."

அதுதான் அந்தச் சொல். ஒரு மாதம் பழகியது.

இயக்குநர் பெண் மட்டும் பக்கென்று சிரித்தாள். அவள் ஐம்பத்திரண்டையும் பார்த்துவிட்டு வந்தவள். பிறகு முகம் மாறிவிட்டது. நோரா அம்மா விடவில்லை. "குடும்பமெண்டா அவளின்ர பாஸ்போட் ஏன் உன்ர லாச்சியில கிடக்கு?"

"அம்மாவுக்கு ஞாபகம் குழம்புது" என்றார் கிளைவ் சேர்.

"குழம்பேல்ல. மிச்சச் சாட்டையும் வரிசையாச் சொல்லட்டே?"

கமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "அப்படியா?" என்று கேட்டாள். நான் "ஓம்" என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. அந்த "ஓம்" சொல்ல எனக்கு இரண்டரை வருடம் எடுத்தது.

கிளைவ் சேர் எழும்பிப் போனார். லாச்சி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் வைத்திருந்தேன் என்று சொல்லி, நான் ஏந்தியிருந்த தட்டில் பாஸ்போட்டை வைத்தார். தட்டு கலகலத்தது. டில்லியின் தட்டு கலகலப்பது போலவே.

அந்தத் துண்டு படத்தில் வராது. வெட்டச் சொல்லி எழுதி வாங்கிவிட்டார். வராவிட்டால் போகட்டும். பதினாறாம் திகதி விமானம். தாமரை என்று ஒரு பெண்பிள்ளை பதிலுக்கு வருகிறாள், பதுளைக்காரி. சாட்டுகளை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அன்பு அக்கா,
வதனா

*

அச்சுவேலி
19.01.2025

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். அம்மாவுக்குப் பிரஷர் குளிசை மாற்றியிருக்கிறது. போன் இப்போது என் கையிலேயே இருக்கிறது, இருந்தும் கடிதம் எழுதுகிறேன். போனில் நீ கத்துவாய். கடிதத்தில்தான் நான் சொல்வதைக் கடைசிவரை கேட்கிறாய். ஊருக்கு வந்து நின்ற பொடியன் ஒருவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

கஜானி முதல் நாலு நாளும் என்னை "நீங்கள்" என்றாள். ஐந்தாம் நாள் தலையில் பேன் பார்க்கக் குனிந்தவள், மடியிலேயே படுத்துவிட்டாள். டில்லியை அவளுக்கு நடித்துக் காட்டினேன். பூச்சாடிக்குள் தேநீர் ஊற்ற, அம்மா சத்தம் போட்டா.

புறப்படும்போது நோரா அம்மா என் கையை விடவில்லை. அழவும் இல்லை. வாசலில் வைத்துத் துரையின் குரலில் சொன்னார்: "போ, டில்லி. நாயை நான் பாத்துக்கொள்ளுறன்." ஐம்பத்திமூன்றாவது நாடகத்தில் வரவேண்டிய வசனம் அது. நான் காரில் ஏறியபிறகுதான் அழுதேன்.

பாய்தான் விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டார். வழியில் கேட்டேன், என் தம்பி ஏன் வீட்டுக்குப் போவதில்லை என்று. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தக் கேம்ப்ல எல்லாருக்கும் பாஸ்போர்ட் ஆபீஸ் அலமாரியிலதாம்மா. தம்பி உங்ககிட்டச் சொல்லலியா?"

எனக்குச் சட்டம் எழுதினாய். நிமிர்ந்து நில் என்றாய். வெற்றிலை பாக்கு வைத்தாயா என்றாய். தை மாதமும் வந்துவிட்டது.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, ராசா. ஒரே ஒரு கேள்வி. உன்ர பாஸ்போட் எங்கே?

அக்கா

*

ஜெபல் அலி
23.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உண்மையிலேயே சுகம், முந்தி எழுதிய சுகம் இல்லை.

வந்த அன்று ஒரு தாள் தந்தார்கள். "எனது பாஸ்போட்டைப் பாதுகாப்பாக வைத்திருக்கும்படி நானே கம்பனியைக் கேட்டுக்கொள்கிறேன்." வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன். ஏ.எல். பரீட்சை பாஸான நான். நீ நம்பிக் கொடுத்தாய், நான் வாசிக்காமல் கொடுத்தேன். உன்னைத் திட்டிய ஒவ்வொரு வரியும் எனக்கு எழுதியது. அதுதான் உன் கேள்வியைப் பார்த்ததும் பேனை ஓடவில்லை. ஐந்து வருடத்தில் இரண்டு தரம் லீவு கேட்டேன். மூன்றாம் தரம் கேட்க வெட்கமாக இருந்தது. கேட்காமல் இருப்பதற்குக் கோபம் நல்ல மறைப்பு.

உன் கடிதத்தை அறையில் வாசித்தேன். சோலைமுத்து அண்ணன் உன் கடிதத்தை வாங்கி மடித்துத் தன் பொக்கற்றுக்குள் வைத்தார். "ஞாயித்துக்கிழம எல்லாரும் போறோம்" என்றார். ஏழு பேர் ஆபீசுக்குப் போனோம்.

நான்தான் கேட்டேன். மனேச்சர் சிரித்த முகத்தோடு, "சீசன் பிஸி, பாய். அடுத்த மாதம் பார்ப்போம்" என்றார். பின்னாலிருந்து எங்கள் அறைக் கார்மேகம் அண்ணன், "முப்பத்தொண்ணு!" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். "நீங்கள் எல்லாம் போய்விட்டால் இந்தச் சாமான்களை யார் பார்ப்பது?" "பதினேழு!" மனேச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. குரலைத் தாழ்த்தி, கையை நெஞ்சில் வைத்து, "நீங்கள் வேலையாட்களா? நீங்கள் என் சகோதரர்கள், என் குடும்பம்" என்றார். அக்கா, ஏழு பேரும் ஒரே குரலில் கத்தினோம். "நாப்பது!" அழும் அளவுக்குச் சிரித்தோம். அவரும் கொஞ்சம் சிரித்துப் பார்த்தார். நாங்கள் அடங்கியபிறகும் யாரும் வெளியே போகவில்லை. அது அவருக்குப் பயமாக இருந்திருக்கவேண்டும். நான் முறைப்பாட்டுத் தாளை மேசையில் வைத்தேன். உனக்கு எழுதித் தருவதாகச் சொன்ன அதே தாள்தான். ஏழு கையெழுத்து. இந்த முறை வாசித்துவிட்டு வைத்தது.

அலமாரியைத் திறந்தார். ஏழு பேருக்கும் கிடைத்தது. என்னுடையதைத் திறந்து பார்த்தேன். போன ஓகஸ்டோடு காலாவதி. நான் நல்லூருக்குப் போவேன் என்று உனக்கு எழுதிய அதே மாதம். அந்த அலமாரிக்குள் அது செத்துக் கிடந்திருக்கிறது, ஒருத்தனும் சொல்லவில்லை. படத்தில் இருபத்திரண்டு வயதுப் பொடியன், மீசை கூட ஒழுங்காக இல்லை.

பாயோடு போய் நோரா அம்மாவையும் பார்த்தேன். "நீதான் அந்தக் கோபக்காரத் தம்பியோ?" என்றார். ஆபீஸ் கதையைத் தாமரை இங்கிலீசில் சொன்னாள். ஏழு பேரும் நாற்பது என்று கத்திய இடத்தில் கையைக் காட்டி நிறுத்தி, திருப்பிச் சொல்லச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் தரமும் கேட்டார். அவர் நன்றாகக் கதைக்கிறார், அக்கா. நீ பயந்தது நடக்கவில்லை.

இன்னும் இரண்டு கிழமையில் இலங்கைக் கொன்சியூலேட்டுக்குப் போகிறேன். என் பிறப்பத்தாட்சிப் பத்திரம் வேண்டும். அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில், கலியாணச் சீலைக்குக் கீழ் இருக்கும். கஜானியைக் கொண்டு படம் எடுத்து அனுப்பு. கடிதத்தில் வைக்காதே, போனில் அனுப்பு. நான் கத்தமாட்டேன். எனக்கு அவசரம்.

உன் தம்பி,
கிருபன்